முதுகுக்கு விட்ட அரை அங்குலம்

தம்பி,

இதை வெட்டு மேசையில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்து எழுதினால் குனிய வேண்டியிருக்கிறது. குனிவதற்குத்தான் நீ தடை போட்டுவிட்டாயே. ஹட்டனில் காலையிலிருந்து தூறல். பஜாரில் குடைகள் மட்டும் நடக்கின்றன, கடைக்கு ஆள் இல்லை. கல்யாணம் முடிந்து நீயும் தர்ஷியும் கொழும்புக்கு ரயில் ஏறி மூன்று வாரம் ஆகிறது. உன் அம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை போன் பேசுவதால் உனக்குச் சொல்ல என்னிடம் செய்தி ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே இது செய்திக் கடிதம் இல்லை. பதினொரு வருடமாக உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிற கடிதம். பதறாதே. யாருக்கும் நோயில்லை. விஷயம் அரை அங்குலத் துணியைப் பற்றியது. நீ சிரித்துவிடுவாய் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அதைச் சொல்லாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் அதில் ஒரு தந்திரத்தை நான் உனக்குச் சொன்னதில்லை. நான் டேப்பைக் கையில் எடுத்ததும் மனிதர்கள் வேறு ஆளாகிவிடுவார்கள். தொந்தி உள்ளவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார். கல்யாண மாப்பிள்ளை பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிற்பது போல நெஞ்சைத் தூக்குவான். அந்த அளவுக்குத் தைத்தால் சட்டை என் கடைக்குள் மட்டும்தான் சரியாக இருக்கும். அதனால் நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதையோ தேடுகிற மாதிரி, "மணி என்னாச்சுங்க?" என்று கேட்பேன். அவர் மணி பார்க்கிற நேரத்தில் உடம்பு தன் சொந்த நிலைக்கு இறங்கும். அப்போது பின்னால் நின்று அளந்துவிடுவேன். முன்பெல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், தோள் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான். இப்போது போனை எடுத்து, குனிந்து மணியைப் பார்த்து, மணியோடு வந்திருக்கிற செய்தியையும் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறார்கள். நான் ஆறுதலாக, அவசரமில்லாமல் மூன்று தடவை அளக்கலாம். ஊரில் பலரை எனக்கு முகத்தை விட முதுகால்தான் தெரியும். நம்மூர் இளம் பிள்ளைகளின் முதுகளவு கூடிக்கொண்டும் முன்னளவு குறைந்துகொண்டும் வருவதை முதலில் கண்டவன் நானாகத்தான் இருப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. துணியை அதற்கு ஏற்றாற்போல வெட்டினேன்.

நீ உயர்தரம் படிக்கப் போன வருடம், பாடசாலையில் கொடுத்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து இதே மேசையில் போட்டாய். சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு வந்ததற்காக, பக்கத்துப் போன் கடை நானாவிடம் உனக்கு நான் ஒரு போன் வாங்கிக் கொடுத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. உன் அம்மா அன்றைக்கே, "வேணாங்க, புள்ள அதுக்குள்ளயே விழுந்து கெடப்பான்" என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. அளவு எடுக்கும்போது உன்னிடமும் மணி கேட்டேன். "நாலரைப்பா" என்றாய். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை அளந்தேன். அரை அங்குலம் கூடுதல். உயரத்தில் கூடியது அல்ல; உயரத்தையும் அளந்து பார்த்தேன். வளைவில் கூடியது. வாயைத் திறந்திருந்தால், "அன்னைக்கே சொன்னேனே" என்பதை உன் அம்மாவின் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டும். நான் சொல்லாமல் விட்டதற்கு அது முதல் காரணம். இரண்டாவது காரணம் அதை விடக் கேவலமானது. அது என் கைப்பெருமை. ஒரு தோள் இறங்கிய மனிதரை ஊர்க் கல்யாணங்களில் முன்வரிசையில் நேராக உட்கார வைத்தவன் நான். உடம்பில் உள்ள குறையைத் துணியில் தெரியாமல் செய்வதுதான் தொழில் என்று நம்பியவன். பென்சிலை எடுத்து, உன் முதுகுக்கு அரை அங்குலம் கூட்டி, முன்பக்கத்தில் கொஞ்சம் குறைத்து வெட்டினேன். சட்டை உன் மேல் தூக்குக்குண்டு விட்ட மாதிரி விழுந்தது. "புள்ள எப்படி வெறப்பா நிக்கிறான் பாருங்க" என்று உன் அம்மா சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட சந்தோஷத்தில் நான் அவளுக்குத் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அது பழகிப் போய்விட்டது. அரை முக்காலானது, முக்கால் ஒன்றானது. ஒவ்வொரு சட்டையிலும் உன் வளைவை நான் விழுங்கிக்கொண்டே வந்தேன். கண்ணாடி உனக்கு ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கும். நான்தான் அதன் வாயைத் துணியால் அடைத்தேன். முதல் வேலை கிடைத்த புதிதில் கொழும்பில் ஒரு ரெடிமேட் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாயே, நினைவிருக்கிறதா? ரயிலை விட்டு இறங்கி வரும்போதே பார்த்தேன். பின்பக்கம் தூக்கிக்கொண்டு, முன்பக்கம் தொங்கிக்கொண்டு, கொலர் கழுத்தை விட்டு விலகி நின்றது. உன் உடம்பைப் பற்றி அந்தச் சட்டை உனக்கு உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. நீயோ, "இந்தக் கம்பெனிக்காரங்களுக்கு வெட்டவே தெரியலப்பா. ஒங்க தைப்பு மாதிரி எதுவும் உக்காராது" என்றாய். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளம் குளிர்ந்து போய், பக்கத்துக் கடைக்குப் போய் நானாவிடம் அதை இரண்டு தடவை சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு அன்றைக்குக் குஞ்சை விடத் தையல்தான் பொன்னாக இருந்தது.

போன வருடம் உனக்குத் தலைவலி என்றாய். பிறகு வலது கை விரல்கள் மரத்துப் போகின்றன என்றாய். உன் அம்மா பயந்து போய் அம்மன் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். கொழும்பில் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, கழுத்துத்தான், எந்த நேரமும் போனுக்குள் குனிந்தே இருந்ததால் வந்த வினை என்று சொல்லி, உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள் என்று நீ போனில் சொன்னபோது, உன் அம்மா அந்த அம்மனுக்கு நன்றி சொன்னாள். நான் மெசினுக்கு எண்ணெய் போடுகிற பாவனையில் தலை குனிந்துகொண்டேன். பயிற்சிக்கார அம்மா ஆறு பயிற்சி வரைந்த ஒரு தாள் கொடுத்ததும், நீ அதை இரண்டு நாள் செய்துவிட்டுத் தலையணைக்கு அடியில் வைத்ததும், அந்தத் தாள் மட்டும் நன்றாக நேராக இருந்ததும் நீயே சிரித்துக்கொண்டு சொன்ன பகிடிதான்.

தைப்பொங்கலுக்கு நீ வந்தபோது கூடவே ஃபர்ஹானையும் கடைக்குள் இழுத்து வந்தாய். நானாவின் மகன், உன்னோடு ஒரே அறையில் இருப்பவன், உன்னைப் போலவே முதுகில் கேள்விக்குறி. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு செயலி செய்திருப்பதாகச் சொன்னீர்கள். கொழும்பில் வேலை செய்கிற நம் மலைநாட்டுப் பிள்ளைகள் சிலரின் போன்களில் போட்டும் பார்த்திருந்தீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அது மணி அடித்து, எழும்பி இன்ன பயிற்சி செய் என்று படம் காட்டுமாம். "என்னாச்சு?" என்று கேட்டேன். "என்ன அங்கிள் ஆகும்? ஒரு கெழமைல எல்லாரும் அந்தச் சத்தத்த நிப்பாட்டிட்டாங்க" என்று ஃபர்ஹான் சிரித்தான். "நானும்தான் நிப்பாட்டினேன். நாங்க செஞ்ச ஆப்ப நாங்களே நிப்பாட்டி வச்சீக்கிறோம்." மணிச் சத்தத்துக்கு யாரும் எழும்ப மாட்டார்கள், வீட்டுக் குரலுக்கு எழும்புவார்கள் என்று அவனுக்கு யோசனை வந்திருந்தது. அவனவனுக்கு எந்தக் குரலைக் கேட்டால் உடம்பு தானாக எழும்புமோ, அந்தக் குரலைப் பதிந்து போட வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்தால்தான் குரல் நிற்கும். கவிழ்த்து வைத்த ஒரு நிமிடத்தில் சுவரில் சாய்ந்து பயிற்சி செய்ய வேண்டும். ஃபர்ஹான் அவனுடைய உம்மாவைப் பிடித்துக்கொண்டான். நீ என்னிடம் வந்தாய்.

"ஒன்னுமில்லப்பா, நிமிந்து நில்லு தம்பின்னு ஒரு தடவ சொல்லுங்க, போதும்" என்று போனை என் வாய்க்குக் கிட்டே பிடித்தாய். எனக்குக் குரல் வரவில்லை, தம்பி. இருமினேன். தண்ணீர் குடித்தேன். முதல் தடவை 'நிமிந்து' என்று தொடங்கி நின்றுவிட்டேன். இரண்டாவது தடவை கூப்பிடுவது போல மெல்லச் சொன்னேன். "அப்பா, நீங்க என்ன வெத்தலபாக்கு வைக்கிறீங்களா? திட்டுங்கப்பா!" என்று நீ சிரித்தாய். ஃபர்ஹானும் சிரித்தான். கூச்சம் என்று நினைத்துவிட்டீர்கள். பதினொரு வருடமாக உன்னைக் குனியவிட்டு, அதற்கு அழகாகத் துணியும் வெட்டிக் கொடுத்தவன், எந்த முகத்தோடு உன்னை நிமிர்ந்து நில் என்று சொல்வான்? ஆறாவது தடவையில் எனக்கு என் மேலேயே கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்தில் கத்தினேன். "இதுதான்ப்பா!" என்று நீ துள்ளினாய். உன் போனில் இருப்பது உன் மேல் உள்ள கோபம் இல்லை. என் மேல் எனக்கு உள்ளது. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே பொங்கல் லீவில்தான் உன் கல்யாண வரவேற்புக்குக் கோட் தைக்க அளவு எடுத்தேன். கோவிலில் பட்டு வேட்டி யாருடைய தைப்பும் இல்லை. கோட் என் தைப்பாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கருநீலத் துணி, ஒரே ஒரு கோட்டுக்கு மட்டும் இருந்த துண்டு. மணி கேட்டேன், குனிந்தாய், அளந்தேன். ஒன்றேகால். அந்த வளைவுக்கே வெட்டினேன். பழக்கம் விடுமா? ஆனால் அடிமடிப்பை மடிக்கும்போது என் கை வேறு ஒன்றைச் செய்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கும்போது தாய்மார், "வளர்ற புள்ளங்க, உள்ள மடிச்சு விடுங்க" என்று சொல்வார்கள் அல்லவா? வெளியே தெரியாமல் உள்ளே துணியை விட்டுவைப்போம், அடுத்த வருடம் பிரித்து இறக்கலாம். அதே மாதிரி உன் கோட்டிலும் வழக்கத்துக்கு மேலே ஒன்றேகால் அங்குலம் உள்ளே விட்டேன். தேநீர் கொண்டுவந்த உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "என்னாங்க இது, இருவத்தேழு வயசு மாப்பிள்ளைக்கு மடிச்சு விடுறீங்க? இனிமேத்தான் வளரப் போறானா?" என்று கேலி செய்தாள். கை மறந்து விட்டுவிட்டது என்றேன். மறந்துதான் விட்டதா என்று எனக்கே இன்றைக்கும் தெரியாது.

சித்திரைப் புத்தாண்டுக்கு வந்தாய், தலையை மூடிய தடிச் சுவெட்டருக்குள் புகுந்துகொண்டு மூன்று நாளும் அடுப்படியை விட்டு நகரவில்லை. உன் முதுகை நான் பார்க்கவே முடியவில்லை. ஆனால் அடிக்கடி என் குரல் எங்கோ கத்துவதைக் கேட்டேன். குளியலறைப் பக்கம் ஒரு தடவை, கோழிக்கூட்டுப் பக்கம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான் திடுக்கிட்டேன்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தாய். பிரித்துவிடக்கூடிய ஓட்டுத் தையலோடு உன் தோளில் ஏற்றிவிட்டுப் பின்னால் வந்து நின்றேன். கொலருக்குக் கீழே விரல் மொத்தத்துக்கு ஒரு மடிப்பு விழுந்து கிடந்தது. முன்பக்கம் கட்டையாகி மேலே ஏறி நின்றது. இழுத்துப் பார்த்தேன், தடவிப் பார்த்தேன். நாற்பது வருடத் தொழிலில் இப்படி ஒரு கோட் நான் வெட்டியதில்லை. கொஞ்ச நாளாகவே ஊசியில் நூல் கோர்க்க மூன்று நான்கு தடவை ஆகிறது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. என் கண்ணும் கையும் போய்விட்டன, அதுவும் சொந்தப் பிள்ளையின் கல்யாணக் கோட்டில் போய்விட்டன என்று நினைத்தேன். "என்னப்பா, நல்லாத்தானே இருக்கு?" என்று நீ கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாய். மறுபடியும் அளந்து பார்ப்போம் என்று டேப்பை எடுத்து, "மணி என்ன தம்பி?" என்று கேட்டேன்.

நீ குனியவில்லை. போனை எடுத்து, கையை மடக்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "பதினொன்னுப்பா" என்றாய். என் தந்திரம் முதல் தடவையாகப் பொய்த்தது. அந்த நேரம் பார்த்து உன் கையிலிருந்து என் குரல், "நிமிந்து நில்லு தம்பி!" என்று கடை அதிரக் கத்தியது. நீ போனை இந்த மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, கலண்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள சுவரில், கோட்டோடு போய்ச் சாய்ந்தாய். குதிகால், இடுப்பு, தோள், தலை என்று நாலும் சுவரில் பட்டன. நாடியை உள்ளே இழுத்தாய். இரண்டு கையையும் சுவரோடு சேர்த்து மேலே ஏற்றி இறக்கினாய். செய்து செய்து பழகிய உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது. நீ திரும்பியதும் எந்தத் தந்திரமும் இல்லாமல் உன் முதுகை அளந்தேன். ஒன்றேகால் அரையாகியிருந்தது. கோட் கெடவில்லை. என் கை போகவில்லை. நீதான் நிமிர்ந்திருந்தாய், முக்கால் அங்குலம்.

சந்தோஷத்தில் எனக்கு உன்னைக் கட்டிப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் ஏன் இந்தச் சந்தோஷம் என்று நீ கேட்டால் பழைய கதை முழுவதையும் சொல்ல வேண்டுமே என்று பயந்து, "அளவு தப்பாயிருச்சு தம்பி, அப்பா சரி பண்ணிடுறேன்" என்று இன்னொரு பொய்யைச் சொன்னேன். நீயும், "பரவாயில்லப்பா" என்றாய். அன்றைக்குப் பகல் முழுவதும் கொலரைப் பிரித்து முதுகைக் குறைத்தேன், அடிமடிப்பைப் பிரித்து முன்பக்கத்தை முக்கால் அங்குலம் இறக்கினேன். விட்டுவைத்த துணி இருந்ததால் இறக்க முடிந்தது. உன் அம்மா வந்து பார்த்துவிட்டு, "நெசமாவே வளந்துட்டானா?" என்று கேட்டாள். "வளந்துட்டான்" என்றேன். அவள் நம்பவில்லை, உன்னைச் சுவரில் நிறுத்திக் காட்டிய பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அதே கையால் கண்ணைத் துடைத்தாள்.

கல்யாணத்தை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் அந்த ஐந்து மணியைச் சொல்லாமல் விட மாட்டேன். வரவேற்பு மண்டபத்தில் குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் நின்றோம். உடப்புசல்லாவையிலிருந்து வந்த சம்பந்தி வீட்டார் பட்டுச் சேலையும் மரியாதையுமாக வரிசையில் நின்றார்கள். படம் பிடிக்கிறவர், "எல்லாரும் இங்க பாருங்க" என்றார். அந்தச் சமயத்தில் ஐந்து மணி ஆனது. முதலில் உன் சட்டைப் பையிலிருந்து நான் கத்தினேன். அதற்குள் ஃபர்ஹானின் உம்மா, "மகன், எழும்புங்க! மொதுகு என்னத்துக்கு இப்படி ஈக்குது?" என்று தொடங்கினார். கீழே உன் சிநேகிதர்கள் உட்கார்ந்திருந்த மேசைகளிலிருந்து யார் யாருடையவோ அம்மாக்கள், அக்காக்கள், ஒரு விளையாட்டு ஆசிரியர், தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற ஒரு பெரியப்பா எல்லோரும் ஒரே நேரத்தில் திட்டினார்கள். கடைசியாக மணப்பெண்ணின் கைப்பைக்குள்ளிருந்து தர்ஷி படிப்பிக்கிற வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் சேர்ந்து, "டீச்சர், நிமிந்து நில்லுங்க!" என்று கூவினார்கள். நீங்கள் இரண்டு பேரும் கூசாமல் போன்களை மேடைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு, மாலையோடு பின்சுவரில் சாய்ந்தீர்கள். கீழே இருந்த பிள்ளைகளும் சுவருக்குச் சுவர் போய் ஒட்டிக்கொண்டார்கள். ஐயர் சிரித்தார், நாதஸ்வரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டுச் சிரித்தார். சம்பந்தியம்மா என்ன நினைப்பாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அவரும் தோளைப் பின்னால் தள்ளி விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். அந்தப் படம் இப்போது கடையில் மாட்டியிருக்கிறது. உன் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. நான் வாழ்க்கையில் தைத்த எதையும் விட அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நீங்கள் கொழும்புக்குப் புறப்படுகிறதற்கு முதல் நாள் நீ கடைக்கு வந்து, "அப்பா, ஒங்களுக்கு யாரு அளவு எடுப்பாங்க?" என்று கேட்டாய். யார் எடுப்பது? என் பழைய அளவு எனக்கு மனப்பாடம். அதற்கே வெட்டிப் போட்டுக்கொள்வேன் என்றேன். நீ என் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாய். நானும் எல்லோரையும் போல நெஞ்சைத் தூக்கினேன், வயிற்றை இழுத்தேன். நீ பின்னால் போய் எதையோ தேடுகிற மாதிரி, "மணி என்னாச்சுப்பா?" என்றாய். பாழாய்ப் போன பழக்கம், நான் போனை எடுத்துக் குனிந்துவிட்டேன். டேப் முதுகில் ஓடியபோதுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டேன். "ஒன்னரைப்பா" என்றாய். "எனக்கு ஒன்னேகால்தான் இருந்துச்சு. நீங்க என்னைய மிஞ்சிட்டீங்க."

எங்கே பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை. அளவுக் கொப்பி அலமாரியில்தானே இருக்கிறது. உன் பெயருக்கு ஒரு பக்கம், அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால் என்று என் கையெழுத்திலேயே வரிசையாக. உனக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கோட் போட்டுப் பார்த்த அன்றைக்கு, அளவு தப்பு என்று நான் பொய் சொன்னபோது, "பரவாயில்லப்பா" என்று நீ சொன்னது எதற்கு என்று அப்போது புரியவில்லை. டேப்பை நீ சுருட்டும்போது புரிந்தது. நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைப் போல, முதுகு நீட்டமான சட்டையும் வெட்டித் தரவில்லை. தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், கலண்டருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிறுத்தி, குதிகாலை வையுங்கள், தலையை வையுங்கள் என்று பக்கத்திலேயே நீயும் சாய்ந்து நின்றாய். என் தலை சுவரில் படவே இல்லை. நீ சிரிக்கவில்லை. பிறகு என் போனை வாங்கி உன் குரலைப் பதிந்தாய். எனக்கு ஆறு தடவை எடுத்தது. நீ ஒரே தடவையில் சொல்லிவிட்டாய்.

உனக்குக் கல்யாண வாழ்க்கைக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கிற தகுதி இந்தத் தவறு ஒன்றுதான், அதனால் அதை வைத்தே ஒன்று சொல்கிறேன். தர்ஷியிடம் ஒரு குறை கண்டால் அதற்கு ஏற்றாற்போல வெட்டிக் கொடுத்துப் பழகாதே. உன் குறையை அவள் மூடி மறைத்தால், அது அன்பு என்று நினைத்து நீயும் குளிர்ந்து போகாதே. சொல்லிவிடு. ஆனால் எட்ட நின்று சொல்லாமல், நீ எனக்குச் செய்த மாதிரி, பக்கத்தில் நின்று சொல். அவ்வளவுதான். இதற்கு மேலே சொன்னால் உன் அம்மா என்னைக் கேலி செய்வாள்.

அவள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறாள். நான் சுவரில் கையை ஏற்றி இறக்குவதைப் பார்த்துவிட்டு, "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்று கேட்டாள். ஆனால் அடுத்த நாளே அவளும் பக்கத்தில் வந்து சாய்ந்துவிட்டாள். நானாவும் வருகிறார். பதினொரு மணிக்கு எங்கள் கடைச் சுவரில் மூன்று பேர் வரிசையாக நிற்பதைப் பார்த்து பஜாரே சிரிக்கிறது. சிரித்தவர்களில் இரண்டு பேர் அவர்கள் போனிலும் அதைப் போட்டுத் தரச் சொல்லி ஃபர்ஹானைக் கேட்டார்களாம். முந்தாநாள் ஒரு இளைஞன் சட்டை தைக்க வந்தான். மணி கேட்டேன், குனிந்தான், அளந்தேன். முக்கால் அங்குலம். பென்சிலைக் கையில் எடுத்தேன், திரும்ப மேசையிலேயே வைத்தேன். பிறகு, "தம்பி, கோவிச்சுக்காதீங்க, ஒன்னு சொல்றேன்" என்று தொடங்கினேன். பதினொரு வருடம் பிந்திப் போன பேச்சு. அவன் கோபிக்கவில்லை. கண்ணாடிக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று தன்னையே பார்த்தான். "நெசமாவாங்க?" என்று கேட்டான். நேரான அளவுக்கே வெட்டி, இரண்டு மாதம் கழித்துப் போட்டுப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

இதோ, பதினொரு மணி. "அப்பா, நிமிந்து நில்லுங்க!" என்கிறாய். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இன்றைக்கு என் பின்னந்தலை சுவரைத் தொட்டது. உன் அம்மா டேப்பை வைத்து அளந்து, கால் அங்குலம் குறைந்திருக்கிறது என்றாள். எனக்காக அவள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பாள் என்று சந்தேகப்பட்டு நானாவையும் அளக்கச் சொன்னேன். கால்தான். மன்னித்துவிடு என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ மன்னித்து நாளாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தாலும் எழுதிவிடுகிறேன். மன்னித்துவிடு, தம்பி.

உன் கோட்டின் அடிமடிப்புக்குள் இன்னும் அரை அங்குலத் துணி இருக்கிறது. நான் அதை வெட்டவில்லை.

உன் அப்பா